வில்லோடு காட்டுக்குப் போகுமுன் ஒரு தேர்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒக்ரோபர் முதலாம் திகதி தென் ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் வில் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. அம்பால் கொல்வது சித்திரவதை, அதை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்பது ஒன்று. வில் மனிதனின் ஆதி ஆயுதம், சத்தமில்லாதது, அதில் என்ன பிழை என்பது மற்றது. அம்பு ஒரு மானைப் பத்துச் செக்கனில் சாய்க்கவும் செய்யும், அரைநாள் வதைக்கவும் செய்யும். இரண்டில் எது நடக்கும் என்பது, நாணை விடுவதற்கு முன் வேட்டையாளர் எடுக்கும் சில முடிவுகளில் இருக்கிறது. அந்த முடிவுகளை எடுக்கத் தெரிந்தவரா என்று இந்த மாகாணம் எவரையும் எய்துகாட்டச் சொல்லிச் சோதிப்பதில்லை. சோதிக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை.

முதலில் சட்டம் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக் கல்விப் பாடநெறியில் தேற வேண்டும். துவக்கு இல்லாமல் வில்லால் மட்டும் வேட்டையாடுவோருக்கு எச்-2 வகை அவுட்டோர்ஸ் அட்டை (வேட்டைக்கான அடையாள அட்டை) உண்டு. மானுக்கான நீள்வில்லிலும், கப்பிகள் பூட்டிய கொம்பவுண்ட் வில்லிலும் நாணை 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இழுக்கும்போது இழுவிசை 18 கிலோவாவது இருக்க வேண்டும். துவக்கு போன்ற கட்டையில் பூட்டிய குறுக்குவில்லுக்குக் குறைந்தது 300 மில்லிமீற்றர் இழுப்பு, 45 கிலோ இழுவிசை. அம்புமுனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலமும், குறைந்தது இரண்டு கூரிய வெட்டு விளிம்புகளும் கொண்டிருக்க வேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் பாடநெறியை விட்டால் இவை எல்லாம் வில்லைப் பற்றியவை. கடையில் குறுக்குவில் வாங்கி, பெட்டியைப் பிரித்து, கொல்லையில் நாலைந்து அம்பு எய்து பார்த்தவரும், ஆண்டு முழுவதும் பயின்றவரும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

துவக்கு ரவை தன் வேகத்தால் சுற்றியுள்ள தசையையும் சிதைக்கிறது. அம்பு அப்படிச் செய்யாது. அது வெட்டுகிறது, மான் இரத்தம் இழந்து விழுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒரு வெள்ளைவால் மானின் உடலில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கும். அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சட்டென்று வெளியேறினால் அது நிற்க முடியாது. இரண்டு நுரையீரல்களும் வெட்டுப்பட்டால் இரத்தமும் போகிறது, மூச்சும் போகிறது. மான் ஓடும், ஆனால் பெரும்பாலும் நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். அதே அம்பு ஒரு முழம் பின்னால் தள்ளி இரைப்பையில் பட்டால், அந்த மான் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் உயிரோடு படுத்திருக்கும். தடைகோருவோர் சொல்லும் சித்திரவதை இதுதான். அவர்கள் சொல்வது பொய்யல்ல.

எங்கே குறிவைப்பது? மான் பக்கவாட்டாக நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை அப்படியே மேலே கொண்டுபோய், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். அங்கே பட்டால் இரு நுரையீரலும் வெட்டுப்படும். சற்றுத் தாழ்ந்தால் இதயம். உயர்ந்தால்தான் ஆபத்து. தோளருகே முதுகெலும்பு, வெளியே தெரியும் முதுகு விளிம்பைவிட நன்றாகத் தாழ்ந்து போகிறது. அதற்கு மேலே இருப்பது இறைச்சியும் எலும்பு முட்களும் மட்டுமே. உயரப் பட்ட அம்பு உடலைத் துளைத்து மறுபக்கம் வந்திருக்கும், இரத்தமும் சிந்தியிருக்கும், மானோ கிடைக்காது. நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு, அதற்குள்ளால் அம்பு போய்விட்டது என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வார்கள். அப்படி ஒரு வெற்றிடம் மானின் உடலில் கிடையாது. அந்த அம்பு முதுகெலும்புக்கு மேலால் போயிருக்கிறது.

மான் நம்மை விட்டு விலகும் திசையில் ஓரளவு சாய்ந்து நிற்பது இன்னும் நல்ல நிலை. அப்போது இந்தப் பக்கத்து முன்னங்காலை மறந்துவிட்டு, அந்தப் பக்கத்து முன்னங்காலில் அம்பு வெளியேற வேண்டும் என்று எண்ணிக் குறிவைக்க வேண்டும். அம்பு விலாக்களுக்கிடையே நுழைந்து நெஞ்சறையைக் குறுக்காகக் கடக்கும். சாய்வு 45 பாகையைத் தாண்டினால் நுழையும் இடம் இரைப்பையாகிவிடும், அப்போது எய்யக்கூடாது. நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மானுக்கு முன்சப்பை எலும்பு கேடயமாக இருக்கிறது. நேருக்கு நேர் நிற்கும் மானுக்கு நெஞ்செலும்பு. பின்புறத்திலிருந்து எய்வதையும், தலைக்கோ கழுத்துக்கோ எய்வதையும் பற்றிப் பேசவே தேவையில்லை. இரண்டு நிலைகள் மட்டுமே சரி: நேர் பக்கவாட்டு, விலகிய சாய்வு. மற்ற எதிலும் மான் எவ்வளவு கிட்ட நின்றாலும், கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அம்பு தூணியிலேயே இருக்கட்டும்.

மரத்தில் பரண் கட்டி எய்வோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயரம் கூடக்கூட மான் நம்மைக் காண்பதும் மோப்பம் பிடிப்பதும் குறையும் என்று எட்டு, ஒன்பது மீற்றர் ஏறுகிறார்கள். மான் பரணுக்கு அருகே வந்துவிட்டால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் வெட்டும். ஒற்றை நுரையீரலோடு மான் ஒரு கிலோமீற்றருக்கு மேலும் போகும். ஐந்து, ஆறு மீற்றர் உயரம் போதும். பரணிலிருந்து பதினைந்து மீற்றர் தள்ளி மான்பாதை வரும்படி மரத்தைத் தெரிந்தால் கோணமும் சரியாக வரும். கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தக்கூடாது. இடுப்பிலிருந்து குனிய வேண்டும்; இல்லையேல் இழுப்பின் நீளம் மாறி அம்பு உயரப் போகும். (பரணில் ஏறும் கணம் முதல் இறங்கிக் காலூன்றும் வரை உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார் மரத்தோடு பிணைந்திருக்க வேண்டும். வில்வேட்டையில் ஆட்களைக் காயப்படுத்துவது அம்பைவிட இந்த மரங்கள்தான்.)

இனித் தூரம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

நல்ல கொம்பவுண்ட் வில்லின் அம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 85 மீற்றர் போகும். ஒலி 340 மீற்றர் போகும். ஆகவே நாண் அதிரும் சத்தம் அம்பை முந்திக்கொண்டு மானின் காதை அடைகிறது. பதற்றமடைந்த மான் ஓடுவதற்காகக் கால்களை மடக்குகிறது. அதனால் உடல் கீழே இறங்குகிறது. இப்போது 18 மீற்றர் தூரத்தை எடுத்துக்கொள்வோம். அம்புக்கு 0.21 செக்கன். ஒலிக்கு 0.05 செக்கன். மானின் உடல் அசையத் தொடங்க 0.1 செக்கன் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 0.06 செக்கன். அந்த நேரத்தில் உடல் தன் எடையால் விழக்கூடியது இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை. இதையே 36 மீற்றருக்குப் போட்டுப் பாருங்கள். அம்புக்கு 0.42 செக்கனுக்கு மேல், ஒலிக்கு 0.11, மிஞ்சுவது 0.2 செக்கனுக்குச் சற்று மேல். அதற்குள் உடல் இருபது சென்ரிமீற்றர் இறங்கிவிடும். நெஞ்சின் நடுவே வைத்த குறி முதுகெலும்புக்கு மேலே போய்விடும். வேட்டையாளர் எய்த அம்பில் பிழையே இல்லை. அவர் எய்த இடத்தில் மான்தான் இல்லை. தூரம் இரண்டு மடங்கானபோது பிழை பத்து மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கொல்லையில் 40 மீற்றரில் இலக்காக வைத்த காகிதத் தட்டைத் தவறாமல் அடிப்பவர், காட்டிலும் 40 மீற்றரில் எய்யலாம் என்று நினைப்பது இதனால்தான் பிழையாகிறது. தட்டுக்குக் காது கிடையாது.

குறுக்குவில் வைத்திருப்போர் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணுகிறார்கள். செக்கனுக்கு 120 மீற்றர் வேகம், தொலைநோக்கிக் கண்ணாடி, தோளில் அணைக்கும் கட்டை. துவக்கைப் போலவே இருக்கிறது. ஆனால் குறுக்குவில்லின் சத்தம் பெரியது, அதன் அம்பும் வழியில் வேகம் இழக்கிறது. அந்த இழப்பை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும், 55 மீற்றரில் மானுக்குக் கிடைக்கும் நேரம் கொம்பவுண்ட் வில்லில் 36 மீற்றருக்குக் கிடைக்கும் அதே 0.2 செக்கன்தான். குறுக்குவில் அந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. நீக்கிவிடவில்லை.

நடந்துகொண்டிருக்கும் மானும் இப்படித்தான். ஆறுதலாக மேய்ந்துகொண்டே நடக்கும் மான்கூட 0.3 செக்கனில் ஒரு சாண் முன்னே போய்விடும்; சற்று விரைந்தால் ஒரு முழம். நுரையீரலுக்கு வைத்த குறி ஈரலுக்கோ இரைப்பைக்கோ போகும். வாயால் மெல்ல ஒரு ஒலியெழுப்பி மானை நிறுத்தலாம் என்பார்கள். நிற்கும், ஆனால் தலையை உயர்த்தி, காதை நம் பக்கம் திருப்பி, ஓடத் தயாராக நிற்கும். அந்த மான்தான் நாண் சத்தத்துக்கு அதிகம் இறங்கும் மான். கிட்ட இருந்தால் அடியில் குறிவைத்து எய்யலாம். 25 மீற்றருக்கு அப்பால் என்றால் விட்டுவிடுவதே சரி. தலையைத் தாழ்த்தி மேயும், வாலைச் சாதாரணமாக ஆட்டும் மான்தான் எய்வதற்குரியது.

ஆக, தன் தூரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள காகிதத் தட்டு ஒன்று போதும். வேட்டைக்கு உடுத்தும் அதே தடித்த சட்டையுடன், அதே இருக்கையில் உட்கார்ந்து, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே முனை பூட்டிய அம்பால், உடல் சூடேறாமல் நாளின் முதல் அம்பை எய்ய வேண்டும். ஒரு நாளைக்கு அந்த ஓர் அம்பு மட்டுமே கணக்கு. இருபதாவது அம்பில் கை பழகியிருக்கும். மான் இருபதாவது அம்புக்குக் காத்திருக்காது. நாளைக்கு ஒன்றாகத் தொடர்ந்து எய்த முதல் அம்புகள் எல்லாமே தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதிலிருந்து ஐந்து மீற்றர் கழித்தால் வருவது காட்டில் உங்கள் எல்லை. கனத்த சட்டையின் கை நாணில் உரசினால் அம்பு விலகும். முன்கையில் காப்புப் பட்டி கட்டினால் அது தீரும். மானைக் கண்டதும் நெஞ்சு படபடத்துக் கை நடுங்குவது எல்லோருக்கும் வருவது. நாணை முழுதாக இழுத்து மூச்சு ஒன்றை ஆறுதலாக விட்ட பின்னும் குறி நிலைக்காவிட்டால் நாணைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்துவதையும் பயின்றிருக்க வேண்டும். கொம்பவுண்ட் வில்லை மெல்லத் திரும்ப விடுவது தானாக வருவதல்ல.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. புறோட்ஹெட் எனப்படும் அலகு பூட்டிய முனை சவரக்கத்தி போல் கூராக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தின் மேல் மெல்லத் தொட்டு நகர்த்தினால் அது அறுந்துபோக வேண்டும். அழுத்தினால்தான் அறுகிறது என்றால் அது மழுங்கியது. மழுங்கிய அலகு இரத்தக் குழாயை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு போகும், கசக்கிய தசையில் இரத்தம் விரைவாக உறையும். பயிற்சிக்கு எய்த அலகை மாற்றாமல் வேட்டைக்குக் கொண்டுபோவது அதனால்தான் குற்றம் என்கிறேன். பயிற்சி முனையும் புறோட்ஹெட்டும் எடையில் ஒன்றாக இருந்தாலும் பறப்பதில் ஒன்றல்ல. இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை வில்லைச் சீர்செய்ய வேண்டும். பறக்கும்போது மூடியிருந்து பட்டதும் விரியும் அலகுகள் அகலமாக வெட்டும், ஆனால் விரிவதற்கே அம்பின் வலுவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சட்டத்தின் 18 கிலோவை ஒட்டிய வில் வைத்திருப்பவர் நிலையான அலகையே தெரிய வேண்டும். வேகத்துக்காக மிகவும் இலேசான அம்பைத் தேடுவதும் வேண்டாம். 27 கிலோ வில்லுக்கு 27 கிராம் அளவிலான அம்பு ஆழமாகப் போகும். வில்லின் சத்தத்தையும் குறைக்கும். காபன் அம்பை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துக் காதருகே கேளுங்கள். நெரியும் ஒலி வந்தால் உடைத்தெறிந்துவிடுங்கள். அது நாணிலேயே சிதறிக் கையில் ஏறக்கூடியது.

அம்பு போன பிறகுதான் பாதி வேலை. மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் பதிய வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும். விழும் சத்தம் கேட்கிறதா என்று செவிகொடுக்க வேண்டும். பட்டவுடன் பின்னங்காலை உதைத்துக்கொண்டு பாய்ந்தோடினால் பெரும்பாலும் நெஞ்சில் பட்டிருக்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்தால் வயிற்றில். எதுவானாலும் அரை மணித்தியாலம் பரணிலிருந்து இறங்கக் கூடாது.

பிறகு அம்பைத் தேடி எடுத்து, அதைப் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பு இரத்தத்தில் நுண்ணிய குமிழிகள் இருந்தால் நுரையீரல், பின்தொடரலாம். கருஞ்சிவப்பென்றால் ஈரல், நாலு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பச்சை படிந்து, மென்ற புல் ஒட்டி, நாறினால் இரைப்பை அல்லது குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம். பளிச்சென்ற சிவப்பாகக் குமிழியில்லாமல் இருந்து, முதலில் நிறையச் சிந்திப் பின் குறைந்துகொண்டே போனால் வெறும் தசைக் காயம். அந்த மான் பிழைக்கவும் கூடும்.

வயிற்றில் பட்ட மானுக்காகக் காத்திருக்கச் சொல்வது முதலில் கொடுமையாகப் படும். அது துன்பப்படுகிறதே, உடனே போய் முடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த மானைத் துரத்தாவிட்டால் இருநூறு மீற்றருக்குள் ஒரு பற்றைக்குள் படுத்துவிடும். துரத்தினால் எழுந்து ஒரு கிலோமீற்றர் ஓடும். கொழுப்பும் குடலும் காயத்தை அடைத்துவிடுவதால் ஒரு துளி இரத்தமும் வழியில் விழாது. பிறகு அது எவருக்கும் கிடைக்காமல் சாகும். அதன் துன்பத்தைக் குறைக்க முதல் அம்புக்குப் பின் நம்மிடம் இருக்கும் ஒரே வழி பொறுமைதான். ஒக்ரோபரின் வெப்பமான இரவொன்றில், பத்துப் பாகைக்கு மேல், விடியும்வரை காத்திருந்தால் இறைச்சி கெடக்கூடும். நரி போன்ற கொயோட்டிகள் முந்திக்கொள்ளவும் கூடும். இறைச்சியை இழக்கும் அபாயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். மழை வருமென்றால் இரத்தத் தடம் அழிந்துவிடும். அதனால் மாலையில் மழை முகில் கட்டியிருக்கும்போது, வெளிச்சம் மங்கும் கடைசி நிமிடங்களில் எய்யாமல் இருப்பது நல்லது. சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் வரை சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு விடயம்.

தடத்தின் மேல் நடக்காமல் அதன் ஓரமாக நடந்து, துளி கண்ட இடமெல்லாம் கழிவறைக் காகிதத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு போங்கள். மழையில் அது தானே கரைந்துவிடும். திரும்பிப் பார்த்தால் மான் போகும் திசை ஒரு கோடாகத் தெரியும். நிலத்தை மட்டும் பார்க்காதீர்கள்; முழங்கால் உயரத்துப் புல்லிலும் இலைகளின் ஓரத்திலும் பூசியிருக்கும். சிவப்பு இலைகளுக்கு நடுவே இரத்தமா என்று சந்தேகம் வந்தால், மருந்துக் கடையில் விற்கும் மூன்று வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் தெளியுங்கள். இரத்தமென்றால் நுரைக்கும். தடம் அறுந்தால் கடைசித் துளியிலிருந்து வட்டமாகவும், பிறகு பத்து மீற்றர் இடைவெளியில் வரிவரியாகவும் தேட வேண்டும். நீரோடைக் கரைகளையும் அடர்ந்த பற்றைகளையும் விடக்கூடாது. பயிற்றப்பட்ட நாயை வாரில் பிடித்துக்கொண்டு தேடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. விதிகள் அதற்கு இடம் தருகின்றன. பருவம் தொடங்குமுன்பே அருகில் யாரிடம் அப்படி நாய் இருக்கிறது என்று விசாரித்து வைக்க வேண்டும். மான் அயல் காணிக்குள் போயிருந்தால் உரிமையாளரின் அனுமதி தேவை. அதையும் முன்கூட்டியே கேட்டுவைத்தால் இரவு பத்து மணிக்கு ஒருவரின் கதவைத் தட்ட வேண்டி வராது.

கிடந்த மானைப் பின்புறமாக அணுகி, நீண்ட தடியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமைத்தால், விலகி நின்று நெஞ்சுக்கு இரண்டாவது அம்பு. கத்தியோடு கிட்டப் போவது மானுக்கும் ஆளுக்கும் தீங்கு.

ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காயப்பட்ட விலங்கைத் தேடிப்பிடிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும், உண்ணத்தக்க இறைச்சியைக் கைவிடவோ கெடவிடவோ கூடாது என்றும் கட்டளையிடுகிறது. இதற்கு மேலும் ஒரு படி போக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. சாகும்படி அடித்துவிட்டுக் கண்டெடுக்க முடியாமல் போன மானை, கிடைத்த மானாகவே எண்ணி, அந்த ஆண்டுக்கான அனுமதியைத் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். சட்டம் இதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அந்தப் பருவத்துக்கு வில்லைக் கழற்றி வைப்பதே நேர்மை. (வாசகர்களுக்கு இன்னொன்று: வேட்டையாடிய மானின் இறைச்சியை இங்கே விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். அயலவருக்கும் உறவினருக்கும் சும்மா கொடுக்கலாம்.)

தடைகோருவோருக்கு இனிப் பதில் சொல்ல வேண்டும். அவர்களிடம் வலுவான ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை வில்வேட்டையைத் தொடர்ந்து பதிந்து ஆராய்ந்தார்கள். கொம்பவுண்ட் வில்லும் குறுக்குவில்லும் பயன்பட்ட அந்த ஆய்வில், அம்பு பட்டும் கண்டெடுக்கப்படாத மான்கள் 18 வீதம். அவற்றுள் தசைக் காயம் ஆறிப் பிழைத்தவையும் இருக்கும். ஆனாலும் 18 வீதம் என்பது எந்த வேட்டையாளரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகக்கூடிய எண் அல்ல. பிரித்தானியா 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் வில்லை வேட்டைக் கருவியாகத் தடுத்திருக்கிறது. ஜேர்மனியிலும் மானை அம்பால் எய்ய முடியாது.

அந்த வழியில் ஒன்ராறியோ போக வேண்டும் என்று நான் கருதவில்லை. தென் பகுதியில் ஓநாயும் மலைச்சிங்கமும் அற்றுப்போன காடுகளில் மான் பெருகுகிறது; மாகாணப் பூவான ட்ரில்லியத்தையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து காட்டின் அடித்தளத்தையே வெறுமையாக்குகிறது. வீடுகள் நெருங்கிய இடங்களில் துவக்குச் சுட முடியாது, வில்லால் முடியும். நயாகராவை அடுத்த ஷோர்ட் ஹில்ஸ் மாகாணப் பூங்காவில் 2013 முதல் ஹோடனஷோனி என்னும் முதற்குடி மக்கள் 1701ஆம் ஆண்டு ஒப்பந்த உரிமையின்படி வில்லால் மான் வேட்டையாடி வருகிறார்கள். பூங்கா வாசலில் எதிர்ப்பாளர்கள் நின்றதும் உண்டு. அவர்களின் உரிமை ஒப்பந்தத்தில் வேரூன்றியது; உரிமம் வாங்கி வேட்டையாடும் எங்களைப் போன்றோர் அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. எங்களுடையது மாகாணம் தரும் சலுகை. சலுகைக்கு நிபந்தனை விதிக்கலாம்.

நியூ யோர்க் மாநிலத்தில் வில்வேட்டைக்கென்று தனிப் பாடநெறி கட்டாயம். டென்மார்க்கில் எய்தல் தேர்வில் தேறாமல் வில்வேட்டைக்குப் போக முடியாது. ஒன்ராறியோவின் இயற்கை வள அமைச்சு அந்த வரிசையில் சேர வேண்டும். தேர்வு சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை. மான் உருவத்தில் செய்த பஞ்சு இலக்குகள் ஆறு. தூரம் சொல்லப்படாமல் 10 முதல் 25 மீற்றருக்குள். ஒன்று உயரமான மேடையிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு, முன்பயிற்சி இல்லாமல். ஆறில் இரண்டு இலக்குகள் எய்யக்கூடாத நிலையில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்: ஒன்று நேர்முகமாக, ஒன்று நம்மை நோக்கிச் சாய்வாக. அந்த இரண்டில் எதற்காவது அம்பு விட்டவர், மற்ற நாலிலும் நடு நெஞ்சில் அடித்திருந்தாலும் தேறக்கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வில் விளையாட்டுக் கழகங்களும் மைதானங்களும் மாகாணம் முழுவதும் இருக்கின்றன. தேர்வை நடத்த அவற்றை அமைச்சு பயன்படுத்தலாம். குறுக்குவில்லுக்கு விதிவிலக்கு வேண்டாம். பழகாமலே எடுத்துப்போகப்படும் வில் அதிகமும் அதுதான்.

சட்டம் மாற ஆண்டுகள் ஆகும். இந்த ஒக்ரோபரில் முதன்முறையாகப் போகவிருப்பவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன தேர்வை ஒரு நண்பரை வைத்துத் தாங்களே நடத்திப் பார்க்கலாம். தேறாவிட்டால் இந்தப் பருவத்தில் வில்லை வீட்டில் வைத்துவிட்டு, தேர்ந்த ஒருவரோடு கூடப் போய், தடம் தேடவும் இறைச்சி சுமக்கவும் கைகொடுங்கள். அடுத்த ஒக்ரோபருக்கு இன்னும் பன்னிரண்டு மாதப் பயிற்சி கிடைக்கும்.

இங்ஙனம்,
வில்வேட்டையாளர் ஒருவர்
ஒன்ராறியோ